வடதிருநெல்வேலிச் சுற்றூழியமும் இறை வழிநடத்துதலும்

வடதிருநெல்வேலிச் சுற்றூழியம் என்பது சர்ச் மிஷனரி சங்கம் (சி.எம்.எஸ்.) 1854-ஆம் ஆண்டில் தொடங்கிய கிறிஸ்தவ நற்செய்திப் பணியாகும். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சங்கரன்கோவில் வட்டாரக் கிராமங்களில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் தங்கி இப்பணி நடைபெற்றது. இதை வகுத்து நடத்தியவர் தாமஸ் கஜட்டன் ராக்லாண்ட் (1815–1858). கடவுளின் வழிநடத்துதலை எப்படி அறிவது, அறிந்தபின் எப்படி நடப்பது என்பது கிறிஸ்தவ வாழ்வின் பழைய கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரு மனிதர் தம் வாழ்க்கையால் அளித்த விடையாகவும் இச்சுற்றூழியத்தின் வரலாற்றைப் படிக்கலாம்.

நிலமும் மக்களும்

இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லை மேற்குத் தொடர்ச்சி மலை. இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஓடைக்கரையில் அய்யனார் கோவில் உள்ளது. அங்கிருந்து கிழக்கே வரவர நெல்வயலும் தென்னந்தோப்பும் குறைந்து, சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் மானாவாரிக் கரிசல் நிலம் விரிகிறது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதியாக இருந்தது. 1985-இல் விருதுநகர் தனி மாவட்டமாயிற்று. "வடதிருநெல்வேலி" என்ற பெயரின் காரணம் இதுவே.

சுற்றூழியர்கள் வந்த நிலம் பக்தி இல்லாத நிலமன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர். கண்மாய்க் கரைதோறும் காவல் தெய்வமான அய்யனார் வீற்றிருக்கிறார். தெய்வத்தின் விருப்பத்தை அறிந்துகொள்ளவும் மக்களிடம் வழிகள் இருந்தன. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் வைத்து ஒன்றை எடுக்கச் சொல்வது பூக்கட்டிப் பார்த்தல். சாமியாடியிடம் குறி கேட்பதும், பல்லி சொல்வதைக் கவனிப்பதும், உத்தரவு கிடைக்கும்வரை திருமணப் பேச்சைத் தள்ளிப்போடுவதும் வழக்கம். "சாமி உத்தரவு கொடுத்ததா?" என்ற கேள்வி இவ்வூர்களுக்குப் புதிதன்று. வந்தவர்களும் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

வழிநடத்துதல் என்னும் கருத்து

தமிழ்க் கிறிஸ்தவர் இதனைத் தேவசித்தம், ஏவுதல், அழைப்பு, வழிநடத்துதல் ஆகிய சொற்களால் குறிப்பர். இறைசித்தம் என்பது கத்தோலிக்கர் மிகுதியாக வழங்கும் சொல். விவிலியத்தில் இதற்கு ஒரே முறை கூறப்படவில்லை. கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி விழுவதை அடையாளமாகக் கேட்டான் (நியாயாதிபதிகள் 6). யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தெரிந்துகொள்ளச் சீடர்கள் சீட்டுப் போட்டனர் (அப்போஸ்தலர் 1). பவுலின் குழுவுக்கு ஆசியாவிலும் பித்தினியாவிலும் வழி அடைபட்டது; பிறகு மக்கெதோனியா மனிதனின் தரிசனம் கிடைத்தது (அப்போஸ்தலர் 16). அந்தத் தரிசனத்தைக் கண்டவர் பவுல் ஒருவரே. ஆனால் அதன் பொருள் இன்னதென்று முடிவுசெய்தது குழு முழுவதும் என்பதைப் படிப்பவர்கள் பலர் கவனிப்பதில்லை.

பிற்காலத் திருச்சபையிலும் முறைகள் வேறுபட்டன. 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா, உள்ளத்தில் எழும் ஆறுதலையும் கலக்கத்தையும் நாள்தோறும் ஆராய்ந்து முடிவெடுக்கும் பயிற்சியை வகுத்தார். 18-ஆம் நூற்றாண்டு மொரேவியச் சகோதரர்கள் முக்கிய முடிவுகளுக்குச் சீட்டுப் போட்டனர். இவர்கள் 1760 முதல் தரங்கம்பாடி அருகிலும் குடியிருந்து பணிபுரிந்தவர்கள். இன்றைய தமிழ்ச் சபைகளில் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டை எடுப்பதும், ஒரு முடிவுக்கு முன் வேதத்தைத் திறந்து கண்ணில் படும் வசனத்தைப் பார்ப்பதும் இந்தத் தேடலின் தொடர்ச்சியே.

ராக்லாண்டின் முற்பகுதி

ராக்லாண்ட் 1815 ஏப்ரல் 26 அன்று ஜிப்ரால்டரில் பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்ந்தார். இளமையில் லிவர்பூலில் தம் மாமாவின் வணிக அலுவலகத்தில் கணக்கு வேலை பார்த்தார். பிறகு கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்து, 1841-இல் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். அதே கல்லூரியில் ஆய்வுறுப்பினராகவும் ஆசிரியராகவும் ஆனார். கேம்பிரிட்ஜில் அத்தகைய இடம் பெற்றவருக்கு வாழ்நாள் முழுவதும் வசதியும் மதிப்பும் உறுதி.

அதனை விட்டு 1845-இன் இறுதியில் சி.எம்.எஸ். சார்பில் கப்பலேறி, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் சென்னை சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது பிரசங்க மேடையன்று, சங்கத்தின் செயலாளர் பொறுப்பு. கடிதம், வரவு செலவு, ஊழியர் சம்பளம், கட்டடப் பழுது என்று நாள்கள் கழிந்தன. லிவர்பூலில் கணக்கெழுதிய அனுபவம் இங்கே கைகொடுத்தது. இப்பொறுப்பின் காரணமாகத் தென்னிந்தியாவின் ஊழிய நிலையங்களைச் சென்று பார்க்கும் வாய்ப்பும் அவருக்கு அமைந்தது. அவர் பின்னர் எடுத்த பெரிய முடிவு இந்த அலுவலக ஆண்டுகளில்தான் விளைந்தது.

திட்டம் உருவான விதம்

தென்திருநெல்வேலியில் அப்போது கிறிஸ்தவம் வேரூன்றியிருந்தது. 1820 முதல் அங்கு பணியாற்றிய ரேனியஸ் ஐயர் காலத்தில் பல கிராமங்களில் சபைகள் தோன்றின. (அக்காலத் திருநெல்வேலிக் கிறிஸ்தவர் குருமார்களை 'ஐயர்' என்றே அழைத்தனர்.) சபைகள் பெருகியதன் விளைவாக ஒரு சிக்கலும் வந்தது. மிஷனரி தம் நிலையத்திலுள்ள பள்ளிகள், உபதேசியார்கள், வழக்குகள், கோயில் கட்டடங்கள் ஆகியவற்றைக் கவனிப்பதிலேயே நாளைக் கழித்தார். நற்செய்தி கேட்டிராத ஊர்களுக்குச் செல்ல அவருக்கு நேரமில்லை. வடபகுதி ஏறத்தாழத் தொடப்படாமலே கிடந்தது.

இதைக் கண்ட ராக்லாண்ட், நிலையம் எதுவும் கட்டாமல், பங்களா எழுப்பாமல், கூடாரத்தில் வாழ்ந்து கிராமம் கிராமமாகச் செல்லும் திட்டம் ஒன்றை எழுதினார். அவர் அதை எடுத்துச்சென்ற முறை கவனிக்கத்தக்கது. "கடவுள் எனக்குச் சொன்னார்" என்று அறிவித்துவிட்டு அவர் புறப்படவில்லை. தேவை என்ன, செலவு என்ன, ஆள் எத்தனை, தடைகள் எவை என்று எழுத்தில் விளக்கிச் சங்கத்தின் முன் வைத்தார். 1850-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து சென்றபோது உடன்வர ஆள் தேடினார். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்னும் இரு இளைஞர்கள் முன்வந்தனர். சங்கமும் ஒப்பியது. வழிநடத்துதல் என்று தாம் நம்பியதைப் பிறர் மறுக்கவும் திருத்தவும் அவர் இடம் விட்டார் என்பது இதிலிருந்து தெரிகிறது.

அவருடைய உடல்நிலை மட்டும் இத்திட்டத்துக்கு எதிராக நின்றது. நுரையீரல் நோய் அவரை முன்பே தாக்கியிருந்தது. உடலின் எச்சரிக்கையும் கடவுளின் குரலாக இருக்கலாமல்லவா என்ற கேள்விக்கு இங்கே எளிய விடையில்லை. அவர் அதையும் எடைபோட்டே வந்தார்.

கூடார வாழ்க்கை (1854–1858)

மூவரும் 1854-இல் வடபகுதிக்கு வந்தனர். தோப்பு நிழலில் கூடாரம் அடித்துச் சில நாள் தங்குவர். காலையிலும் மாலையிலும் சுற்றியுள்ள ஊர்களுக்குச் சென்று பேசுவர். பின் கூடாரத்தைப் பெயர்த்து அடுத்த இடம் செல்வர். ஒரே ஊருக்கு மீண்டும் மீண்டும் செல்வது திட்டத்தின் முக்கியப் பகுதி. சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் கித்தான் கூடாரத்துக்குள் இருப்பது எத்தகையது என்பதை இவ்வட்டாரத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை.

இப்பணியில் ஐரோப்பியர் மூவரை மட்டும் குறிப்பிடுவது முறையாகாது. தென்திருநெல்வேலிச் சபைகள் தங்கள் உபதேசியார்களை முறைவைத்து வடக்கே அனுப்பின. ஒரு மாதம் பணி செய்து அவர்கள் திரும்ப, அடுத்த குழுவினர் வந்தனர். அவர்களுக்கான செலவைச் சபை மக்களின் காணிக்கை தாங்கியது. பனையேறியும் உழுதும் வாழ்ந்த குடும்பங்களின் காசு அது. மொழியும் ஊர் வழக்கும் அறிந்த இந்த உபதேசியார்களே பல இடங்களில் உரையாடலைத் தொடங்கினர். பெற்றுக்கொள்ளும் சபையாக இருந்தது அனுப்பும் சபையாக மாறியதன் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று.

மரணமும் எழுந்த கேள்வியும்

1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் ராக்லாண்டுக்கு நுரையீரலிலிருந்து இரத்தப்பெருக்கு ஏற்பட்டது. அன்றே அவர் இறந்தார். வயது 43. சிவகாசியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். நான்கு ஆண்டு உழைப்பில் திருமுழுக்குப் பெற்றவர்கள் மிகச் சிலரே.

கேம்பிரிட்ஜில் நூறு மாணவர்களை உருவாக்கியிருக்கக்கூடிய ஒருவர் கரிசல் காட்டில் அழிந்துபோனாரே, அவர் கேட்டது கடவுளின் குரல்தானா என்று நண்பர்கள் சிலரேனும் எண்ணியிருக்கக்கூடும். வெற்றியே வழிநடத்துதலுக்குச் சான்று என்றால், அவர் இறந்த நாளில் அச்சான்று இல்லை. ராக்லாண்டோ யோவான் 12:24-இல் வரும் கோதுமை மணி உவமையையே தம் பணிக்கு அளவுகோலாகக் கொண்டிருந்தார். மண்ணில் விழுந்து மடியும் விதை விளைச்சலைக் காண்பதில்லை.

பணி அவரோடு முடியவில்லை. மெடோஸும் ஃபென்னும் தொடர்ந்தனர். சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரம் பிற்காலத்தில் சபைக்கும் கல்விக்கும் மையமாக வளர்ந்தது. ராக்லாண்டின் வாழ்க்கையைக் கல்லூரித் தோழர் டி.டி. பெரோன் 1861-இல் நூலாக எழுதினார். 1922-இல் மற்றொரு வாழ்க்கை வரலாறு வந்தது. அதை எழுதியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல்.

ஏமி கார்மைக்கேல்: எதிர்த்திசையில் ஒரு பாதை

அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஏமி, 1892 ஜனவரி 13 அன்று "போ" என்னும் கட்டளையை உள்ளத்தில் கேட்டதாக நம்பினார். முதலில் சீனா செல்ல முயன்றார். மருத்துவர் தடுத்தார். 1893-இல் ஜப்பான் சென்றார். உடல் கெட்டது. 1894-இல் அங்கிருந்து இலங்கைக்குப் போனார். அவ்வாண்டு முடிவதற்குள் தாயகம் திரும்ப நேர்ந்தது. 1895 நவம்பரில் பெங்களூர் சேர்ந்து, 1896 டிசம்பரில் திருநெல்வேலி வந்தார். அழைப்பு வந்த நாளில் அவருக்குத் தெளிவாக இருந்தது "போ" என்பது மட்டுமே. எங்கே என்பது நான்கு நாடுகளும் ஐந்து ஆண்டுகளும் கடந்த பின்னரே துலங்கியது.

திருநெல்வேலியில் அவர் செய்ததும் சுற்றூழியமே. பெண்கள் குழு ஒன்றுடன் மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். 1901 மார்ச் 7 அன்று, கோயிலுக்கு அர்ப்பணிக்கப்படவிருந்த பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதன்பின் குழந்தைகள் ஒவ்வொருவராக வந்தனர். பயணத்தை விட்டுக் குழந்தைகளை வளர்ப்பதா என்று எண்ணிப் பார்த்து, டோனாவூரில் தங்கிவிட்டார். 1951-இல் இறக்கும்வரை அவர் தாயகம் திரும்பவில்லை.

ராக்லாண்ட் நிலையத்தை விட்டுப் பயணத்துக்குச் சென்றார். ஏமி பயணத்தை விட்டு நிலையத்துக்கு வந்தார். இருவரும் கடவுள் தங்களை நடத்தியதாகவே நம்பினர். எனவே ஒருவரின் பாதை மற்றவருக்கு விதியாக முடியாது. ஏமி ராக்லாண்டைப் போற்றி நூல் எழுதினார். கூடார வாழ்க்கைக்குத் திரும்பவில்லை.

வேதநாயகம் சாமுவேல் அசரியா

தெற்கே வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியாவின் வரலாறு மூன்றாவது வகை. 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாமே ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். திருநெல்வேலித் திருச்சபை ஏன் செய்யவில்லை என்ற எண்ணம் அவரை வாட்டியது. 1903 பிப்ரவரி 12 அன்று திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் அதன் பணியிடமாயிற்று. சில ஆண்டுகள் பிறரைப் போகும்படி அழைத்துவந்த அவருக்கு, அந்த அழைப்பு தமக்கும் உரியது என்பது புலப்பட்டது. 1909-இல் தாமே தோர்ணக்கல் சென்றார். 1912 டிசம்பர் 29 அன்று ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அரைநூற்றாண்டுக்கு முன் வடக்கே உபதேசியார்களை அனுப்பிய சபைகளின் பேரப்பிள்ளைகள் காலத்தில் இது நடந்தது.

மதிப்பீடு

மூவரின் வரலாற்றிலும் அடையாளங்கள் வேறு வேறு. ராக்லாண்டுக்கு ஒரு தேவை கண்ணில் பட்டது. ஏமிக்கு உள்ளத்தில் ஒரு சொல் கேட்டது, பின்னர் வாசலில் ஒரு குழந்தை நின்றது. அசரியாவுக்குத் தாம் பிறருக்குச் சொன்ன சொல்லே திரும்பி வந்தது. சோதித்துப் பார்த்த முறை மட்டும் பொதுவானது. அவசரப்படாமல் காத்திருந்தனர். வேதத்தோடு ஒப்பிட்டனர். உடன் ஊழியரின் ஒப்புதலைத் தேடினர். தவறான அடி வைத்தபோது திரும்பி வரவும் கூசவில்லை. தெளிவான பின் விளைவை நிபந்தனையாக்காமல் நடந்தனர்.

"தேவன் எனக்குச் சொன்னார்" என்ற ஒரு வாக்கியத்தால் பிறர் வாயை அடைத்துவிட முடியும். திருமணம், படிப்பு, சொத்து, சபைப் பொறுப்பு ஆகியவற்றில் அந்த வாக்கியம் குடும்பங்களைப் பிரித்ததும் உண்டு. பூக்கட்டிப் பார்ப்பவரும் வசன அட்டை எடுப்பவரும் ஒரே கணத்தில் உறுதியை நாடுகின்றனர். அந்த ஏக்கம் மனித இயல்பு, இகழத்தக்கதன்று. ஆயினும் சிவகாசியில் அடக்கமான அந்தக் கணித ஆசிரியரின் வாழ்க்கை காட்டும் வழிநடத்துதல் ஒரு கணத்தில் முடிவதன்று. அது எழுதிப் பார்த்து, பலரிடம் கேட்டு, ஒவ்வொரு நாளும் கூடாரத்தைப் பெயர்த்து அடுத்த ஊர்வரை மட்டும் நடந்து அறிந்துகொண்டது.