அந்நிய வயலில் ஒரு மண்வெட்டி

பிட்டுக்கு மண் சுமந்த கதையை நாம் எல்லோரும் அறிவோம். வைகை பெருகியபோது வந்திக் கிழவியின் பங்குக் கரையை அடைக்க ஊர் பேர் தெரியாத கூலியாள் ஒருவன் வந்தான். உதிர்ந்த பிட்டே அவன் பெற்ற கூலி. ஆனால் பரஞ்சோதி முனிவர் பாடிய அந்தக் கூலியாள் ஆடினான், உறங்கினான், பிரம்படியும் பட்டான். இறைவனுக்கு அது திருவிளையாடல். மனிதர் பிறர் நாட்டு வயலில் கூலியின்றி மண் சுமக்கப் போனால் என்ன நடக்கும்?

மேல்நாட்டு இளைஞர் பலர் இன்று அயல்நாட்டுச் சிறு பண்ணைகளுக்குப் போய், உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஈடாக உழைத்து வருகின்றனர். இந்த வழக்கம் 1971இல் லண்டன் அலுவலகமொன்றில் செயலாளராக இருந்த சூ கொப்பார்ட் என்ற பெண்மணி தொடங்கிய வாரஇறுதிப் பயணங்களிலிருந்து வளர்ந்தது. அவர் தேடியது நகரத்தவர்க்குக் கொஞ்சம் நாட்டுப்புறக் காற்று. ஆனால் அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே வேறொருவர் மண்வெட்டியுடன் எல்லை கடந்திருந்தார். அவர் தேடியது காற்றை அன்று.

பியர் செரெசோல் 1879இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் பிறந்தவர், பொறியியலாளர். 1873இல் அந்நாட்டின் சனாதிபதியாயிருந்தவரின் மகன். தந்தை வழி வந்த செல்வத்தை அரசுக்கே கொடுத்துவிட்டார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவ வரி கட்ட மறுத்துச் சிறையும் சென்றார். போர் ஓய்ந்த பின் சமாதானம் பேசும் கூட்டங்கள் பல கூடின. பேசிப் பேசிச் சலித்துப்போன செரெசோல், 1920இன் பிற்பகுதியில் ஒரு சிறு குழுவுடன் பிரான்சில் வெர்டன் அருகேயுள்ள எஸ்ன் என்ற கிராமத்துக்குப் போனார்.

1916இல் பெரும் போர் நடந்த 304ஆம் குன்றின் அடிவாரம் அது. வீடென்று சொல்ல ஒன்றுமில்லை. குண்டு விழுந்த குழிகளே வயல்களாகக் கிடந்தன. வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் இருந்தன. குழுவினர் மரவீடுகள் எழுப்பினர், பாதை திருத்தினர், குழிகளைத் தூர்த்தனர். அவர்களுள் ஜேர்மானியரும் இருந்தனர் என்பதே செய்தி. அழித்த நாட்டினன் வந்து கட்டித் தரவேண்டும் என்பதுதான் செரெசோலின் எண்ணம். ஊருக்கு அது பொறுக்கவில்லை. ஜேர்மானியரை அனுப்பிவிட்டால் பணி தொடரலாம் என்ற நிலை வந்தது. செரெசோல் இணங்கவில்லை. 1921 வசந்த காலத்தில் குழு வெளியேறியது.

இக்கதையைச் சொல்வோர் அந்த ஊராரைக் குறுகிய மனத்தினராகக் காட்டுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மகனைப் புதைத்த மண்ணில் யார் மண்வெட்டி போடலாம் என்று சொல்லும் உரிமை ஒரு தாய்க்கு உண்டு. உதவி செய்ய வருபவனின் நல்லெண்ணம் அந்த உரிமையைப் பறித்துவிடாது.

செரெசோல் தளரவில்லை. 1924இல் சுவிஸ் மலைக்கிராமமொன்றில் பனிச்சரிவு மூடிய நிலத்தைத் துப்புரவாக்கினர். அப்பணியில் உடன் நின்ற சகோதரர் எர்னெஸ்ட் இராணுவத்தில் கேணல்! போரை வெறுத்தவரும் போர்வீரரும் ஒரே முகாமில் கல் சுமந்தது வேடிக்கைதான்.

1927 செப்டெம்பரில் ரைன் நதி அணையை உடைத்துக்கொண்டு லிக்டன்ஸ்ரைன் என்ற சின்னஞ்சிறு நாட்டுக்குள் புகுந்தது. கமக்காரரின் வயல்களைக் கல்லும் மணலும் மூடின. அடுத்த ஆண்டு பல நாடுகளிலிருந்தும் 700க்கு மேற்பட்ட தொண்டர்கள் மாறி மாறி வந்து அந்த மண்ணை வெட்டி அள்ளினர். மாணவர், எழுதுவினைஞர், ஆசிரியர் எனப் பலர். பெண்களும் வந்து சமையலையும் சலவையையும் ஏற்றனர். இங்கே எவரும் அவர்களை வெளியேறச் சொல்லவில்லை. ஆறு எந்நாட்டவனுக்கும் பகைவன் அல்லவே.

நமக்கு நெருக்கமான அத்தியாயம் பீகாரில் நடந்தது. 1934 ஜனவரி 15ஆம் திகதி ஏற்பட்ட பூகம்பத்தில் நிலம் பிளந்து, மணலும் நீரும் பீறிட்டு வயல்களை மூடின. இரு நாட்களில் சிறையிலிருந்து விடுதலையான ராஜேந்திர பிரசாத் நிவாரணப் பணியைத் தலைமை தாங்கி நடத்தினார். செரெசோல் கப்பலேறினார், அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பின்னர் ஒருசில ஐரோப்பியத் தோழர்களும் சேர்ந்தனர். வெள்ளம் எட்டாத மேட்டுநிலத்தில் புதிய கிராமங்களை அமைக்க, அவ்வூரவரோடு சேர்ந்து 1937 வரை உழைத்தனர். வெள்ளைக்காரர் கட்டளையிட, இந்தியர் கூடை சுமந்த காலம் அது. அங்கே வெள்ளைக்காரர் கூடை சுமந்தனர், அதுவும் இந்தியர் தலைமையிலான நிவாரண அமைப்போடு கைகோத்து. மண் சுமப்பது இழிதொழில் என்றெண்ணிய நம்மவருக்கும் அது பாடமாகவே இருந்திருக்கும். செரெசோல் 1945இல் காலமானார். அவர் தொடங்கிய இயக்கம் இன்றும் பல நாடுகளில் இயங்குகிறது.

வந்தவர்களையே வரலாறு எழுதுகிறது. இடம் கொடுத்தவர்களின் பொறுமையை எழுதுவோர் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுடன் ஒரு தோட்டத்துக்குச் சிரமதானத்துக்குப் போயிருந்தேன். களை பிடுங்கச் சொன்னார் தோட்டக்காரர். பிள்ளைகள் உற்சாகத்தில் களையோடு இளவெங்காயத்தையும் பிடுங்கி, ஒரு பாத்தியையே வெறுமையாக்கிவிட்டார்கள். நான் கூனிக் குறுகி நின்றேன். “விடுங்கோ மாஸ்ரர், பிள்ளையள் ஆசையோடை வந்ததுகள்” என்றார் அவர். தேநீரும் தந்தார். மறுநாட்காலை அவ்வழியே போனபோது, அயல்வீட்டில் கடன் வாங்கிய விதை வெங்காயத்தை அந்தப் பாத்தியில் தனியே குந்தியிருந்து நட்டுக்கொண்டிருந்தார்.