சிறிய நாடும் பெரிய அயலவரும்: சிங்கப்பூர் அங்கீகாரம் பெற்ற வரலாறு

மதுரைக்கு வடகிழக்கே, சிங்கம்புணரிக்கு அண்மையில் உள்ள பிரான்மலையைப் பாரியின் பறம்புமலை என்று மரபு கூறும். முந்நூறு ஊர்களைக் கொண்ட அச்சிறு நாட்டை மூவேந்தரும் முற்றுகையிட்டனர். மலையில் உணவுக்குக் குறைவில்லை. குடிகளின் அன்புக்கும் குறைவில்லை. ஆயினும் பாரி வீழ்ந்தான். அதன்பின் கபிலர் அவனுடைய மகளிரை விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்றார். இருவருமே அவர்களை ஏற்க மறுத்தனர் என்பதைப் புறநானூற்றால் அறிகிறோம். பாரிக்குப் புகழ் இருந்தது, புலவர் நட்பு இருந்தது. அவனுடைய நாடு அவனுக்கே உரியது என்று வேந்தர்க்கு எதிரே எடுத்துரைக்க மற்றோர் அரசுதான் இல்லை.

சிறிய நாடுகளின் இந்தப் பழைய இடர் நம் காலத்திலும் தீரவில்லை. வலிமை மிக்க அயலவர் நடுவே தனித்து நின்ற ஒரு தீவுக்காக 1965-ஆம் ஆண்டில் உலக நாடுகளின் வாயில்களைத் தட்டியவர் ஒரு தமிழர். அவர் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் சின்னத்தம்பி இராஜரத்தினம். அத்தீவு எவ்வாறு அங்கீகாரம் பெற்றது, அதற்கு என்ன விலை கொடுத்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வெளியாரிடம் அங்கீகாரம் கேட்கும் சிறிய நாடு, தன்னுள் இருக்கும் சிறியோருக்கு அதே அங்கீகாரத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டுள்ளது என்பதே இங்கு நாம் வந்தடையும் முடிவு.

1. வட்டுக்கோட்டையும் மதுரையும்

இராஜரத்தினம் 1915-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தார். அவ்வூர் நமக்கு அந்நியமானதன்று. 1823-இல் அமெரிக்க மிஷனெரிமார் அங்கு நிறுவிய செமினரி, தென்னாசியாவின் உயர்கல்வி வரலாற்றில் தனி இடம் பெற்றது. அந்த யாழ்ப்பாண மிஷனிலிருந்தே 1834-ஆம் ஆண்டு ஹாய்சிங்டன், டாட் ஆகியோர் தமிழ் உதவியாளர்களுடன் மதுரைக்கு வந்து அமெரிக்க மதுரை மிஷனைத் தொடங்கினர். மதுரையும் யாழ்ப்பாணமும் பின்னர் 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் ஒன்றாகவே இணைந்தன.

இராஜரத்தினம் அந்தச் செமினரி மரபில் பயின்றவரல்லர். கைக்குழந்தையாகவே மலாயாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார். இலண்டனில் மாணவராகவும் எழுத்தாளராகவும் வாழ்ந்து, நாடு திரும்பிப் பத்திரிகையாளரானார். 1954-இல் மக்கள் செயல் கட்சியைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர்.

2. அங்கீகாரம் என்பது யாது?

ஒரு நாடு நாடாவதற்கு நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசு, பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன் ஆகிய நான்கும் வேண்டும் என்று 1933-ஆம் ஆண்டின் மொண்டெவிடியோ உடன்படிக்கை வகுத்தது. முதல் மூன்றும் ஒரு நாட்டின் கையில் உள்ளவை. நான்காவதோ பிறர் கதவைத் திறந்தாலன்றிப் பயன்படாது.

இது திருச்சபை வரலாற்றிலும் நாம் கண்டதேயாகும். 1947 செப்டம்பர் 27 அன்று பிறந்த தென்னிந்தியத் திருச்சபை, தான் திருச்சபை என்பதில் ஐயம் கொள்ளவில்லை. ஆயினும் 1948-ஆம் ஆண்டின் லாம்பெத் மாநாட்டில் அதன் திருப்பணி நிலைகளைக் குறித்து ஆங்கிலிக்கன் பேராயர்களின் கருத்து ஒன்றுபடவில்லை. 1955-இல்தான் இங்கிலாந்துத் திருச்சபையின் மன்றங்கள் வரையறைகளோடு கூடிய உறவை ஏற்றன. பெரியதொரு அமைப்பின் ஏற்புக்காகக் காத்திருப்பதன் கடுமையை நம் முன்னோர் அறிவர்.

3. தனித்து விடப்பட்ட தீவு

1963 செப்டம்பர் 16 அன்று மலேசியாவில் இணைந்த சிங்கப்பூர், இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள், 1965 ஆகஸ்டு 9 அன்று அதிலிருந்து பிரிந்தது. பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர். இன்றைய மதுரை மாவட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. மக்கள் தொகை சுமார் 19 இலட்சம். குடிநீரில் பெரும்பகுதி மலேசியாவின் ஜொகூரிலிருந்து வந்தது. தெற்கே ஏறத்தாழ 10 கோடி மக்களைக் கொண்ட இந்தோனேசியா, மலேசியாவின் அமைப்பையே எதிர்த்து 1963 முதல் மோதல் நடத்திவந்தது. பிரிவினைக்கு ஐந்து மாதங்களுக்கு முன், 1965 மார்ச்சு 10 அன்று, இந்தோனேசியக் கடற்படை வீரர் இருவர் சிங்கப்பூரின் மெக்டொனால்டு மாளிகையில் வைத்த குண்டு மூவரின் உயிரைப் பறித்தது.

பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகள் சில நாட்களிலேயே புதிய நாட்டை அங்கீகரித்தன. ஆனால் அது போதாது என்பதை இராஜரத்தினம் கண்டார். பிரிட்டிஷ் படைத்தளம் இருந்த தீவை விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பல ஐயத்தோடு நோக்கின. மேலைநாடுகளின் ஏற்பு மட்டும் இருந்திருந்தால் அந்த ஐயம் உறுதிப்பட்டிருக்கும். 1965 செப்டம்பர் 21 அன்று சிங்கப்பூர் ஐக்கிய நாடுகள் சபையின் 117-ஆவது உறுப்பினராயிற்று. பாதுகாப்பு அவையில் அதற்கான தீர்மானத்தை முன்மொழிந்த நாடுகளுள் மலேசியாவும் ஒன்று என்பது கருதத்தக்கது. பிரிந்து சென்றவனுக்குப் பிரிந்தவனே சான்று பகர்ந்தான். அதன்பின் அமைச்சர்கள் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளுக்கு நேரிற் சென்று தங்கள் நாட்டின் நிலையை எடுத்துரைத்தனர். 1970-இல் சிங்கப்பூர் அணிசேரா நாடுகளின் இயக்கத்திலும் இடம்பெற்றது.

படை அமைக்க உதவி வேண்டிப் பிரதமர் லீ குவான் யூ முதலில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கும் எகிப்தின் நாசருக்கும் எழுதினார். இரு நாடுகளும் வாழ்த்தின, படையுதவி வரவில்லை. பின்னர் இஸ்ரேலியர் வந்து பயிற்சி அளித்தனர். அது நெடுநாள் மறைவாகவே வைக்கப்பட்டது. வாழ்த்துக்கும் கூட்டுறவுக்கும் இடையிலுள்ள தொலைவைச் சிறிய நாடு முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டது.

4. சட்டமும் நட்பும்

ஜொகூர் நீருக்கான 1961, 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் பிரிவினை உடன்படிக்கையிலேயே உறுதி செய்யப்பட்டன. அவ்வுடன்படிக்கை ஐக்கிய நாடுகள் சபையிலும் பதிவு செய்யப்பட்டது. பெரிய அயலவரின் நல்லெண்ணம் மாறக்கூடும்; பலர் அறிய எழுதப்பட்ட உடன்படிக்கையை மாற்றுவது அரிது. வலியவனுக்குச் சட்டம் ஒரு வசதி. எளியவனுக்கோ அது மதில்.

அம்மதிலைக் காப்பதற்கு வேதனையான விலையும் கொடுக்க நேர்ந்தது. குண்டு வைத்த வீரர் இருவருக்கும் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தன. அதிபர் சுகார்த்தோ உயிர்ப்பிச்சை வேண்டினார். சிங்கப்பூர் இணங்கவில்லை, 1968 அக்டோபர் 17 அன்று இருவரும் தூக்கிலிடப்பட்டனர். ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1973-இல், ஜகார்த்தா சென்ற லீ அவ்விருவரின் கல்லறைகளில் மலர் தூவினார். உறவு மீண்டும் தழைத்தது. மரண தண்டனையைக் குறித்து நமக்கு வேறு கருத்து இருக்கலாம். எனினும், அச்சத்தால் பணியாமை, பகைவனின் துயரத்தை மதித்தல் ஆகிய இரண்டும் ஒருங்கே அயலுறவுக்குத் தேவைப்பட்டன என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

1967 ஆகஸ்டு 8 அன்று பாங்காக்கில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, சிங்கப்பூர் ஆகிய ஐந்து நாடுகளும் ஆசியான் என்னும் கூட்டமைப்பை நிறுவின. சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர் இராஜரத்தினம். மோதல் முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. நேற்று எதிர்த்தோரை ஒரே மேசைக்கு வரச்செய்ததே அதன் சிறப்பு. சீன வமிசத்தவரைப் பெரும்பான்மையாகக் கொண்ட நாடு சீனாவின் கிளையாகக் கருதப்படலாகாது என்பதற்காக, 1990-இல் இந்தோனேசியா சீனாவுடன் உறவைப் புதுப்பித்த பின்னரே சிங்கப்பூரும் அந்நாட்டுடன் தூதுறவை ஏற்படுத்திக்கொண்டது. அயலவரின் அச்சத்தை அறிந்து நடப்பதும் அரசியல் ஞானமேயாம்.

5. கொள்கைக்கு நேர்ந்த சோதனை

1978 டிசம்பரில் வியட்நாம் படைகள் கம்போடியாவிற் புகுந்தன. 1979 ஜனவரியில் தலைநகர் வீழ்ந்தது. பெரிய நாடு சிறிய அயல்நாட்டைப் படைபலத்தால் மாற்றியமைப்பதை ஏற்றால் நாளை எவர்க்கும் காப்பில்லை என்று இராஜரத்தினம் வாதிட்டார். ஆசியான் நாடுகளின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் சபை புதிய அரசுக்கு இடம் தரவில்லை. ஆனால் அந்த இடம் பொல்பொட்டின் ஆட்சியிடமே தங்கிற்று. அவ்வாட்சியில் மாண்டோர் 15 முதல் 20 இலட்சம் வரை என மதிப்பிடப்படுகின்றனர். இந்தியாவோ 1980-இல் புதிய அரசை அங்கீகரித்தது. எல்லையின் புனிதத்தைக் காக்க முனைந்தவர்கள் எல்லைக்குள் சிந்திய இரத்தத்தைப் பின்னுக்குத் தள்ளினர் என்ற குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்க இயலாது.

அதே கொள்கையை நண்பருக்கு எதிராகவும் சிங்கப்பூர் பயன்படுத்தியது என்பதையும் கூறுதல் நேர்மையாகும். 1983-இல் அமெரிக்கா கிரெனடாத் தீவிற் படையிறக்கியபோது அதனைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்துக்குச் சிங்கப்பூர் ஆதரவாக வாக்களித்தது. 1992-இல் ஐ.நா.வில் சிறிய நாடுகளின் மன்றம் ஒன்றை அமைக்கவும் அது முன்னின்றது.

6. உள்ளிருக்கும் சிறியோர்

வெளியே இவ்வளவு விழிப்பாயிருந்த நாடு உள்ளே எவ்வாறு நடந்துகொண்டது? நல்லதை முதலிற் கூறுவோம். மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாயிருந்த இந்திய வமிசத்தவருள் பெரும்பாலோர் பேசிய தமிழ், நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. இனம், மொழி, சமயம் ஆகிய வேறுபாடுகளைக் கடந்த ஒரே மக்களாக வாழும் தேசிய உறுதிமொழியை 1966-இல் வரைந்தவர் இராஜரத்தினமே.

ஆனால் மாற்றுக் கருத்து என்னும் சிறுபான்மைக்கு அத்தகைய இடம் கிடைக்கவில்லை. 1963 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டனர். 1966-இல் கைதான எதிர்க்கட்சியாளர் சியா தை போ, வழக்கு விசாரணையின்றி 23 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தார். 1968 முதல் 1981 வரை நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரும் இலர்.

அந்நிலையை 1981 அக்டோபரில் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று மாற்றியவர் ஜே. பி. ஜெயரத்தினம். அவர் பிறந்த சங்கானை, வட்டுக்கோட்டைக்கு அடுத்த ஊர். அவர் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். ஒருவர் நாட்டின் குரலை உலக அரங்கில் ஒலித்தார். மற்றவர் நாட்டுக்குள் எதிர்க்குரலுக்கு இடம் கேட்டார். 1986-இல் கட்சிக் கணக்கு வழக்கொன்றில் தண்டிக்கப்பட்டு ஜெயரத்தினம் பதவி இழந்தார். 1988-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், அவருக்கு அநீதி இழைக்கப்பட்டதாகக் கருதி, வழக்கறிஞர் பட்டியலில் அவரை மீண்டும் சேர்த்தது. நாடாளுமன்ற இடமோ திரும்பவில்லை.

1987-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் திருச்சபையை நேரடியாகத் தொட்டன. மே, ஜூன் மாதங்களில் 22 பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கைதாயினர். அவர்களுட் பலர் கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் பணியாளர். மார்க்சியச் சதி என்றது அரசு. விடுதலையானோருட் சிலர் அக்குற்றச்சாட்டை மறுத்து அறிக்கை விட்டதும் 1988 ஏப்ரலில் மீண்டும் கைதாயினர். 1987 டிசம்பர் 30 அன்று, அரசியலில் ஈடுபட்டதாகக் கூறி, சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஆசியக் கிறிஸ்தவ மாமன்றத்தை அரசு வெளியேற்றியது. அம்மாமன்றத்தின் முன்னோடியான கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டின் முதற்பொதுச்செயலர் யாழ்ப்பாணத் தமிழரான டி. தி. நைல்ஸ் என்பதை மாணவர் நினைவிற் கொள்க. இராஜரத்தினம் அவ்வேளையில் மூத்த அமைச்சராக இருந்தார். அவருக்குப்பின் வெளியுறவு அமைச்சரான தனபாலன் தமிழ்க் கிறிஸ்தவர். 1992-இல் அவர் அமைச்சரவையை விட்டு நீங்கியதற்கு 1987-ஆம் ஆண்டுக் கைதுகளைக் குறித்த மனவேற்றுமையே காரணம் என்பதைக் கோ சோக் டோங் பிற்காலத்தில் வெளியிட்டார்.

அதே 1987-ஆம் ஆண்டு ஜூலையில் தைவான் தன் இராணுவச் சட்டத்தை நீக்கியது. 1996-இல் மக்கள் நேரடியாகத் தலைவரைத் தேர்ந்தெடுத்தனர். 1971-இல் ஐக்கிய நாடுகள் சபையில் இடமிழந்த அத்தீவை இன்று முறைப்படி அங்கீகரிப்பவை மிகச் சில நாடுகளே. அதன் பெரிய அயலவரான சீனா பிறரையும் தடுக்கிறது. உலகம் ஏற்ற தீவொன்று தன் குரல்களை அடக்கிய வேளையில், உலகம் ஏற்காத தீவொன்று தன் குரல்களை விடுவித்தது. ஆகவே அங்கீகாரம் மக்களாட்சிக்குச் சான்றாகாது. அதன் இன்மை குற்றத்துக்குச் சான்றாகாது.

7. முடிவுரை

எகிப்துக்கும் அசீரியாவுக்கும் நடுவே கிடந்த யூதாவின் நிலையைத் திருமறையிற் பயில்வோர்க்கு இவ்வரலாறு புதிதன்று. ஏசாயா குதிரைகளையும் தேர்களையும் நம்பியதை மட்டும் கண்டிக்கவில்லை. ஏழையின் வழக்கைப் புரட்டியதையும் அதே மூச்சிற் கண்டித்தார். வெளியுறவும் உள்நீதியும் அவருக்கு இரு பொருள்களல்ல.

சிங்கப்பூரின் நிறுவனர்கள் பாரிக்கு இல்லாததைத் தம் நாட்டுக்குத் தேடிக்கொடுத்தனர். சட்டமும் நண்பரும் ஆசியானும் உலக மன்றத்தில் ஓர் இருக்கையும் அவர்களது உழைப்பின் பயன். இச்சாதனையைக் குறைத்து மதிப்பது தவறு. எனினும், அயலவன் வலியவன் என்பதனாலேயே எளியவனை வாய்மூடச் செய்தல் ஆகாது என்று உலகின் முன் வாதிட்டவர்கள், அவ்வாதத்தின் முழு நீளத்துக்கும் தம் நாட்டுக்குள் நடந்துசெல்லவில்லை. இந்நாட்டில் நாமும் சிறுபான்மையினர். நம் உரிமைகளுக்காகப் பெரியோரிடம் வாதிடுகிறோம். அதே வேளையில் நம் சபைகளில் வாக்கற்றோரும், நம் குழுக்களில் தனித்து எதிர்க்கும் ஓர் உறுப்பினரும் நம்மிடம் அங்கீகாரம் கேட்டு நிற்கின்றனர். அவர்களுக்கு நாம் அளிக்கும் விடையே நம் வாதத்தின் உண்மையை அளக்கும்.