சூரியச் சுடர்வீச்சின் வன் எக்ஸ் கதிர்களை அளந்த வரலாறு

சூரியச் சுடர்வீச்சில் முடுக்கம் பெற்ற எலக்ட்ரான்கள் அடர்ந்த வாயுவில் மோதி வேகம் இழக்கும்போது வன் எக்ஸ் கதிர்கள் பிறக்கின்றன. சுடர்வீச்சின் ஆற்றல் எங்கே வெளிப்படுகிறது என்பதற்கு இவற்றைவிட நேரடியான சான்று குறைவு. பூமியின் காற்றுமண்டலம் இவற்றைத் தடுத்துவிடுவதால் அளவீடு உயரத்தில்தான் தொடங்கியது. 1958 மார்ச் 20 அன்று கியூபாவுக்கு மேலே பறந்த பலூனில் பீட்டர்சனும் விங்க்ளரும் வைத்திருந்த கருவி, சுடர்வீச்சு ஒன்றின்போது நொடிக்கணக்கில் நீடித்த கதிர்த் துடிப்பைப் பதிந்தது. 1960களின் செயற்கைக்கோள்கள் எத்தனை கதிர்கள், எப்போது, என்ன ஆற்றலில் வந்தன என்று கணக்கிட்டன. ஆனால் எந்த இடத்திலிருந்து வந்தன என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை இந்த எண்ணிக்கைகள் பாதி அறிவாகவே இருந்தன.

வன் எக்ஸ் கதிர்களைச் சாதாரண லென்ஸோ ஆடியோ குவிக்காது. அதனால் நிழலை எண்ணும் முறை வந்தது. 2002 பிப்ரவரி 5 அன்று நாசா ஏவிய ரெஸ்ஸியில் ஒன்பது இணை உலோகச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் நுண்ணிய கீற்றுகள், அவற்றின் பின்னே குளிரூட்டிய ஜெர்மானியம் உணரிகள். செயற்கைக்கோள் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை சுழலும்போது கீற்றுகள் கதிரை மறைத்தும் விட்டும் செல்லும். ஏறி இறங்கும் எண்ணிக்கையிலிருந்து கணிதம் படத்தை மீட்கும். அதற்கு முந்தைய ஜப்பானின் யோகோ செயற்கைக்கோளில் சுழற்சிக்குப் பதிலாக 64 நிலையான சட்ட இணைகள் இருந்தன. 1992 ஜனவரி 13 சுடர்வீச்சில் காந்த வளையத்தின் உச்சிக்கும் மேலே ஒரு கதிர்மூலம் இருப்பதை ஆய்வாளர் மசுதா அதன் தரவில் கண்டார். காந்தப்புலக் கோடுகளின் மறு இணைப்பே ஆற்றலுக்குக் காரணம் என்ற கருத்துக்கு அது வலுச் சேர்த்தது.

இது கணக்கிட்டு வரைந்த படம்தானே, ஒரே எண்ணிக்கைக்குப் பல படங்கள் பொருந்தாதா என்ற ஆட்சேபம் நியாயமானது. வளையத்தின் அடியில் பிரகாசமான மூலங்கள் இருந்தால் உச்சியின் மங்கலான மூலம் அமுங்கிவிடும் என்பதும் உண்மை. ஆனால் 2007 டிசம்பர் 31 சுடர்வீச்சில் அடிப்பகுதிகள் சூரிய விளிம்புக்குப் பின்னே மறைந்திருந்தன. ரெஸ்ஸி உச்சி மூலத்தைத் தனியாகவே கண்டது. மசுதாவின் மூலம் கணிதத்தின் மாயை அல்ல என்று நம்ப இது போதுமான காரணம். இந்தியாவின் ஆதித்யா எல்1 சுமந்துள்ள ஹெலியோஸ் கருவி 8 முதல் 150 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை அளக்கிறது, படம் எடுப்பதில்லை. அதனால் பயன் குறைந்துவிடாது: பூமியைச் சுற்றிய ரெஸ்ஸி ஒவ்வொரு சுற்றிலும் சூரியனை இழந்தது, ஆதித்யா இருக்கும் எல்1 புள்ளியில் அந்த இடைவெளி இல்லை. இடத்தை அறிய சோலார் ஆர்பிட்டர் விண்கலத்தின் ஸ்டிக்ஸ் போன்ற கருவிகளின் படங்களை இதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டும். மங்கலான மூலங்களைப் பிரகாசமானவற்றின் அருகிலேயே காண, கதிரைச் சாய்வாக ஏற்றுக் குவிக்கும் ஆடிகள் தேவை. 2012இல் ஃபாக்ஸி ராக்கெட் சில நிமிடப் பயணத்தில் அது இயலும் என்று காட்டிவிட்டது. சூரியனுக்கென்றே ஏவும் அடுத்த எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோளில் அந்த ஆடிகளுக்கே முதலிடம் தர வேண்டும்.