ஆமைக்கு ஒரு வாசல்: இறால் வலையும் அரசுப் பணமும்

இறால் பிடிக்கும் இழுவலை கடலடித் தரையை உரசிக்கொண்டே போகும். எதிர்ப்படுவதெல்லாம் உள்ளே நுழைந்து, வலையின் கடைசிப் பகுதியான மடியில் சேரும். கடலாமைக்குச் செவுள் இல்லை. மூச்சு விட அது மேலே வந்தாக வேண்டும். வலையைச் சில மணி நேரம் தொடர்ந்து இழுத்தால், அதில் சிக்கிய ஆமை மூச்சுத் திணறிச் செத்துவிடும். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1990இல் வெளியிட்ட அறிக்கை இந்தச் சாவுகளைக் கணக்கிட்டது. அந்நாட்டுக் கடலில் இறால் வலையால் ஆண்டுக்கு 5,000 முதல் 50,000 வரை பெருந்தலை ஆமைகளும், 500 முதல் 5,000 வரை கெம்ப் சிற்றாமைகளும் மடிவதாக அது மதிப்பிட்டது. மனிதரால் நேரும் மற்ற எல்லாக் காரணங்களையும் சேர்த்தாலும் இறால் வலைக்கு ஈடாகாது என்பது அதன் முடிவு.

கெம்ப் சிற்றாமையின் நிலைதான் மிகவும் கவலைக்கிடம். மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கடற்கரையில் 1947இல் எடுத்த ஒரு திரைப்படச் சுருளை வைத்து, ஒரே நாளில் சுமார் 40,000 பெண் ஆமைகள் முட்டையிட வந்ததாகக் கணித்தார்கள். 1985இல் அங்கே கிடைத்த முட்டைக்குழிகள் 702 மட்டுமே.

அமெரிக்க அரசின் தேசியக் கடல் மீன்வளச் சேவை 1970களின் இறுதியில் பொதுப்பணத்தில் ஆய்வைத் தொடங்கியது. மடிக்குச் சற்று முன்னால் வலைக்குள் ஒரு கம்பிச் சட்டத்தைச் சாய்வாகப் பொருத்துவது என்பதே அதில் பிறந்த யோசனை. இறால் கம்பிகளின் இடைவெளியில் புகுந்து மடிக்குப் போய்விடும். ஆமை சட்டத்தில் மோதிச் சரிந்து, வலையில் வெட்டிவைத்த திறப்பு வழியே வெளியேறிவிடும். ஆய்வில் கருவி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அது கனமான கூண்டு. படகின் சிறிய தளத்தில் அதைக் கையாள்வது ஆபத்து. 1980களின் முற்பகுதியில் அரசு இந்தக் கருவிகளை இலவசமாகவே கொடுத்துப் பார்த்தது. வாங்கியவர்களில் மிகச் சிலரே வலையில் கட்டினார்கள். கருவியின் விலை மட்டுமே தடை என்று எண்ணியதுதான் அந்தத் திட்டத்தின் குறை. தப்பிப்போகும் இறாலுக்கும் தளத்தில் நேரும் தொல்லைக்கும் அதில் இடமே இல்லை.

மீனவர் ஏற்ற வடிவம் மீனவரிடமிருந்தே வந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் டேரியன் ஊரைச் சேர்ந்த இறால் மீனவர் சிங்கி பூன், வலையை நிறைத்துக் கனக்கச்செய்யும் சொறிமீன்களை வெளியேற்ற 1960களின் பிற்பகுதியிலேயே ஒரு கம்பிச் சட்டம் செய்திருந்தார். 'ஜார்ஜியா ஜம்பர்' என்று பெயர்பெற்ற அது ஆமைக்கும் பொருந்தியது. கேப் கானவரல் அருகே நடந்த சோதனைகளுக்குப் பிறகு அரசும் அதை ஒப்புக்கொண்டது. அரசு செலவிட்டுச் செய்த கூண்டைவிட எளிமையானது என்பதால், பின்னால் வந்த பல வடிவங்களுக்கு இதுவே முன்மாதிரி ஆயிற்று.

1987இல் கருவி கட்டாயமானது. எதிர்ப்பு உடனே கிளம்பியது. லூசியானா மாநிலம் தன் அதிகாரிகள் இந்த விதியை அமல்படுத்தக் கூடாது என்று சட்டமே இயற்றியது. 2015 வரை அது நீடித்தது. 1989 ஜூலையில் டெக்சாஸ், லூசியானா இறால் படகுகள் துறைமுக வாய்களை அடைத்து மறித்தன. கடற்பாசியும் புல்லும் கம்பிச் சட்டத்தில் அடைத்துக்கொண்டு இறால் வெளியேறிவிடுகிறது என்ற அவர்களின் முறையீட்டில் நியாயம் உண்டு. அரசு சிறிது காலம் பின்வாங்கி, மீண்டும் விதிக்குத் திரும்பியது. கருவியோடு முட்டையிடும் கரைகளைக் காத்த பணியும் சேர்ந்ததால், மெக்சிகோவில் கெம்ப் ஆமையின் முட்டைக்குழிகள் 2009இல் 20,000ஐத் தாண்டின.

மறியல் நடந்த அதே 1989இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. தங்கள் மீனவருக்கு விதித்த நிபந்தனை இறக்குமதி இறாலுக்கும் பொருந்த வேண்டும் என்றது அது. 1996இல் இது உலகம் முழுவதற்கும் விரிந்தபோது இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டன. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்பளித்தது. ஆமையைக் காக்கும் நோக்கம் சரியானது, ஆனால் அதை நடைமுறைப்படுத்திய விதத்தில் பாரபட்சம் இருக்கிறது என்றது. கரீபியன் பகுதி நாடுகளுக்கு மூன்று ஆண்டு அவகாசமும் தொழில்நுட்ப உதவியும் கிடைத்திருந்தன. ஆசிய நாடுகளுக்குக் கிடைத்தது நான்கே மாதம். யாருக்கு எவ்வளவு உதவி, எவ்வளவு காலம் என்பது அங்கே வழக்கின் மையத்துக்கே வந்துவிட்டது.

இந்தியாவில் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கென ஒரு கருவியை உருவாக்கியது. நம் படகுகள் இறாலை மட்டும் நம்பிப் பிழைப்பதில்லை. வலையில் வரும் பெரிய மீனும் காசுதான். அதனால் அதில் கம்பிகளின் இடைவெளி அமெரிக்க அளவைவிடக் கூடுதலாக வைக்கப்பட்டது. கடல்சார் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் இந்தக் கருவிகளை இலவசமாக வழங்கியது. பங்குனி ஆமைகள் கூட்டம் கூட்டமாக முட்டையிட வரும் ஒடிசாவின் கஹிர்மாதா கரையை ஒட்டிய கடலே இதில் முதல் அக்கறை. ஆனாலும் அமெரிக்காவில் நடந்ததே இங்கும் நடந்தது: வாங்கிய கருவிகள் பெரும்பாலும் வலையில் ஏறவில்லை. அதனால் 2019இல் இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்கு அமெரிக்கா கதவை மூடியது. நம் ஏற்றுமதியில் பெரும்பகுதி பண்ணை இறால் என்பதால் நாட்டின் மொத்த வருவாய் தப்பியது. இழப்பு கடலுக்குப் போகும் மீனவர் தலையில் விழுந்தது.

அதன் பிறகு அமெரிக்க வல்லுநர்களோடு சேர்ந்து கருவி திருத்தி அமைக்கப்பட்டது. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் அதற்கான செலவை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்ள வழி ஏற்பட்டது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது தமிழ்நாட்டிலும் இந்தக் கருவி மீண்டும் பேசுபொருளானது. உதவித்தொகை கருவியின் விலையை ஈடுகட்டுகிறது. திறப்பு வழியே நழுவும் பெரிய மீனின் விலை இன்னமும் விசைப்படகுக்காரர் கணக்கிலேயே இருக்கிறது.