ஜோ கால்சாகி

ஜோ கால்சாகி (பிறப்பு: 23 மார்ச் 1972) தோல்வியே காணாமல் ஓய்வுபெற்ற பிரிட்டன் குத்துச்சண்டை வீரர். லண்டனில் பிறந்து, வேல்சின் நியூபிரிட்ஜில் வளர்ந்தார். சார்டீனியத் தீவைச் சேர்ந்த தந்தை என்சோ இசைக்கலைஞர். குத்துச்சண்டை வீரராக இருந்ததில்லை. ஆயினும் மகனைப் பயிற்றுவித்தவர் அவரே.

1993இல் தொழில்முறைக்கு வந்த கால்சாகி, 1997 அக்டோபரில் ஷெஃபீல்டில் கிறிஸ் யூபாங்கை வென்று உலகக் குத்துச்சண்டை அமைப்பின் சூப்பர் மிடில்வெயிட் பட்டத்தைக் கைப்பற்றினார். அதை 21 முறை தக்கவைத்தார். இடக்கை வீரரான அவருடைய பலம் ஒற்றை அடியில் இல்லை; ஓயாத வேகத்தில் தொடுக்கும் குத்துகளில் இருந்தது. கைக்காயங்கள் அடிக்கடி வாட்டின. வலுவான எதிரிகளைத் தவிர்க்கிறார் என்ற குறையும் நெடுநாள் இருந்தது. 2006இல் மான்செஸ்டரில், பலரும் வெல்வார் என்று நம்பிய அமெரிக்கர் ஜெஃப் லேசியை 12 சுற்றும் திணறடித்து அதைத் துடைத்தார். அவரது ஆகச்சிறந்த ஆட்டம் இதுவே.

2007இல் கார்டிஃபில் மிக்கெல் கெஸ்லரையும், 2008இல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஹாப்கின்ஸ், ராய் ஜோன்ஸ் இருவரையும் வென்றார். அவ்விருவரிடமும் முதல் சுற்றில் கீழே விழுந்தும் மீண்டார். 46 போட்டி, 46 வெற்றி என்ற கணக்குடன் 2009இல் விலகினார். அவற்றில் 32 நாக்அவுட். 2014இல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார்.