குளச்சலுக்கு எட்டாமற்போன நியாயாதிபதி

குளச்சல் என்றவுடன், 1741ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரரைப் புறமுதுகிடச் செய்த யுத்தமே சரித்திரம் படித்தோர் நாவில் முதலில் வரும். ஆயினும் அக்கரையோர ஜனங்களின் வாழ்வை யுத்தத்தைக் காட்டிலும் அதிகமாகத் தீண்டியவை, தோப்பு வரப்புக்கும் கடன் பத்திரத்துக்கும் அவர்கள் படியேறிய நியாயஸ்தலங்களே என்பது என் எண்ணம். 1811இல் பிரிட்டிஷ் ரெஸிடெண்டான கர்னல் மன்றோ திருவிதாங்கூரில் ஜில்லாக் கோர்ட்டுகளை ஸ்தாபித்தபோது, அவற்றுள் ஒன்று குளச்சலுக்கு அண்மையிலுள்ள பத்மநாபபுரத்தில் அமைந்தது. மேல்முறையீடு திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. 1887இல் ஐந்து நீதிபதிகளோடும், ஹிந்து தர்மத்தில் யோசனை கூற ஒரு பண்டிதரோடும் ஹைகோர்ட்டு உதயமாயிற்று. அந்த ஆசனங்களில் ஒரு ஸ்திரீ அமரக்கூடும் என்ற நினைப்பு அன்று எவருக்கும் தோன்றியிராது.

1905இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் வளர்ந்து, சட்டப் பட்டம் பெற்ற அன்னா சாண்டி, ஸ்திரீகளுக்குச் சர்க்கார் உத்தியோகம் தகாது என்று டி. கே. வேலுப்பிள்ளை போன்ற பெரியவர்கள் வாதாடிய 1928ஆம் ஆண்டிலேயே அவர்களுக்குப் பொதுக்கூட்டத்தில் எதிர்வாதம் உரைத்தவர். ‘ஸ்ரீமதி’ என்ற பத்திரிகையை நடத்தியவர். 1931 தேர்தலில் தோற்று, அடுத்த ஆண்டே ஸ்ரீமூலம் சட்டசபையில் பிரவேசித்தவர். அவருடைய தர்க்கத்தில் சலுகைக்கு இடமே இல்லை. திருவிதாங்கூரில் ஸ்திரீகளுக்கு மரண தண்டனையிலிருந்து அளிக்கப்பட்டிருந்த விலக்குகூட வேண்டாம் என்றார். உரிமை கேட்போர் பலர், அதன் கசப்பான பங்கையும் சேர்த்துக் கேட்பவர் மிகச் சிலர். திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் 1937இல் அவரை முன்சீப்பாக நியமித்தார். 1948இல் ஜில்லா நீதிபதியானார்.

இதற்குள் ராஜ்யங்களின் எல்லைகள் அசையத் தொடங்கின. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து, ஹைகோர்ட்டு எர்ணாகுளத்துக்குப் போயிற்று. தமிழகத்தோடு சேரக் கோரிய தெற்கெல்லைத் தமிழரின் கிளர்ச்சியோ, நாகர்கோவில் கோர்ட்டுகளில் தொழில் நடத்திய வக்கீலான நேசமணியின் தலைமையில் முற்றி, 1956 நவம்பர் முதல் தேதி கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய தாலுக்காக்களைச் சென்னை ராஜ்யத்தில் சேர்ப்பித்தது. கல்குளத்தைச் சேர்ந்த குளச்சல்காரரின் அப்பீலும் அன்று முதல் சென்னைக்குத் திரும்பிற்று. மூன்றாண்டுகூட நிறைவுறாத நிலையில், 1959 பெப்ரவரி 9ஆம் தேதி, அன்னா சாண்டி கேரள ஹைகோர்ட்டு நீதிபதியாகி, பாரத தேசத்திலேயே அப்பதவி எய்திய முதல் ஸ்திரீ என்ற கீர்த்தி பெற்று, 1967 வரை அதனை வகித்தார். தாய்மொழி பேசும் ராஜ்யத்தோடு சேர்ந்த குளச்சலின் மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் சென்னை ஹைகோர்ட்டில் ஒரு பெண் நீதிபதியைக் காண, பத்மினி ஜேசுதுரை நியமனம் பெற்ற 1986 வரை அது காத்திருக்க நேர்ந்தது.

அன்னா சாண்டியின் ஏற்றத்தைக் கண்டு தம் மகளையும் சட்டம் படிக்க வைத்த பத்தனம்திட்டைத் தந்தை ஒருவரின் புதல்வி பாத்திமா பீவி, 1989இல் சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியாகி, 1997இல் குளச்சலும் உள்ளடங்கிய தமிழ்நாட்டுக்குக் கவர்னராக வந்தார்.