வாவிக்கரைச் சாராயமும் தீவுக்கரை விஸ்கியும்: சுவைமதிப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கிழக்கே வங்கக்கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் அமைய, இடைப்பட்ட எழுவான்கரை மணற்பரப்பிற் கிடப்பது களுவாஞ்சிக்குடி. உப்புக்காற்றில் வளரும் தென்னை இக்கரைக்கு உரியது. தென்னம்பாளையைச் சீவி இறக்கும் இனிய சாறு சில மணிநேரத்திற் கள்ளாகும். கள்ளை வடித்தாற் சாராயமாகும்.

ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரைத் தீவாகிய ஐலாவிலும் காற்று உப்பானதே. அங்கே வாற்கோதுமையை முளைக்கவைத்து, சதுப்புநிலத்து முற்றாநிலக்கரிப் புகையில் உலர்த்தி, புளித்த ஊறலைச் செப்புக்கலத்தில் இருமுறை வடித்து, ஓக்குமரப் பீப்பாயிற் குறைந்தது 3 ஆண்டுகள் முதிரவிடுவர். ஒரே வடிசாலையில் உருவாவதாற் சிங்கிள் மால்ற் எனப்படும் இவ்விஸ்கியைச் சுவைஞர் முதலில் முகர்வர். சில துளி நீர் சேர்ப்பர். பின்னர் நாவிற் பரவவிட்டுப் புகை, மருந்துநெடி, கடலுப்பு என வகைப்படுத்துவர். நீர் சேர்க்கும் வழக்கம் வெறும் பாவனையன்று. புகைமணம் தரும் குவாயக்கோல் என்னும் சேர்வை, நீர் கலக்கையில் மேற்பரப்பை நாடுகின்றதென 2017இல் சுவீடன் ஆய்வாளர் கணினி மாதிரிகொண்டு காட்டினர். கடலுப்பின் கதை வேறு. ஐலாப் பீப்பாய்கள் பல பெருநிலக் களஞ்சியங்களிலேயே முதிர்கின்றன. நாவறியும் கடலில் ஒரு பகுதியேனும் போத்தலில் எழுதிய ஊர்ப்பெயரிலிருந்து வருவதென்றே நாம் கருதுகின்றோம்.

அவ்வாறாயின் எமது கரையோரச் சாராயம் ஏன் ஊர்ப்பெயர் பெறவில்லை? குடியைப் போற்றுதல் எம் நோக்கமன்று. வினா உற்பத்தி உறவுகள் பற்றியது.

ஐலாவின் லஃப்ரோய்க் வடிசாலையை 1815இல் தொடங்கியோர் கால்நடை வளர்த்த விவசாயச் சகோதரர். பிரித்தானிய அரசின் 1823ஆம் ஆண்டு மதுவரிச் சட்டம் 10 பவுண் உரிமக் கட்டணத்தோடு வடிப்போரைச் சட்டத்துக்குள் இழுத்தது. மிகச்சிறிய வடிகலங்கள் மறைந்தன என்பது மெய். எனினும் ஊரோடு ஒட்டிய வடிசாலை நிலைத்தது. அதே பேரரசு இலங்கையிற் கையாண்டது குத்தகைமுறை. ஏலத்தில் மிகுதொகை கேட்டவருக்கே சாராய விற்பனையின் ஏகபோகம் கிடைத்தது. மொறட்டுவை, பாணந்துறை முதலிய தென்மேற்குக் கரையினர் இதனாற் பெருஞ்செல்வர் ஆயினர். இலங்கை முதலாளி வர்க்கத்தின் தொடக்ககால மூலதனம் பெரிதும் இங்கிருந்தே திரண்டதெனக் குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளிவந்த தமது நூலில் நிறுவுகின்றார். 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கத்தின் முன்னணியாளர் சிலரது குடும்பச் செல்வமும் சாராயக் குத்தகை வழி வந்ததே என்பது நகைமுரண்.

மரமேறிய சீவற்றொழிலாளியோ இக்கணக்கில் இடம்பெறவில்லை. குறுகியகாலக் குத்தகைக்காரருக்குத் தவறணையில் விற்று முடிக்கும் அளவே முதன்மையானது. பல்லாண்டு காத்திருந்து சுவை வளர்ப்பதில் அவருக்கு இலாபமில்லை. எந்தக் கரையின் கள் என்பதும் அவருக்குப் பொருட்டன்று.

முதிரவைக்கும் அறிவு எமக்கு அந்நியமானதன்று. மூங்கிற்குழாயில் விளைந்த தேறலை மலைபடுகடாம் பேசுகின்றது. இலங்கைச் சாராயத்தை முதிரவைக்கும் ஹல்மில்லா மரம், மரவணிகத்திற் ‘திருகோணமலை மரம்’ என வழங்கிய கிழக்கிலங்கை மரமே. சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கும் அது பயன்பட்டது. இம்மரத்தில் முதிர்ந்த தென்னஞ் சாராயத்தை விஸ்கிக்குரிய பொறுமையோடு அருந்துவோர் ஒன்றறிவர்: தேங்காய்ச் சுவை அதில் இல்லை, பூமணமும் மெல்லிய இனிப்பும் உண்டு.

1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம், 1974இல் அமைந்த அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம், 1992இல் நிகழ்ந்த தனியார்மயம் என உடைமை கைமாறியது. போத்தலிற் பொதுவாக நிறுவனத்தின் பெயரே நின்றது. வடக்கிற் பனை, தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்த வடிசாலை இதற்கு விலக்கு. வடமராட்சியில் அது அமைந்த ஊரின் பெயராலேயே, திக்கம் வடிசாலை என, அது அறியப்பட்டது. அதற்குக் கள் வழங்கியோர் அச்சங்கங்களின் அங்கத்தவரான சீவற்றொழிலாளர்.